ரோங்கலாப்பில் பெய்த வெண்பொடி

அணுகுண்டு என்றதும் ஹிரோஷிமாவும் நாகசாகியுமே நம் நினைவிற்கு வருவன. போர் ஓய்ந்த பின்னர், பகைவர் எவருமில்லாத இடத்தில், சோதனை என்ற பெயரால் வெடித்த குண்டுகளும் மனிதரைச் சுட்டன என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பசிபிக் மாகடலிலுள்ள மார்ஷல் தீவுகள் 1947இல் ஐக்கிய நாடுகள் சபையின் பெயரால் அமெரிக்காவின் பொறுப்பில் விடப்பட்டவை. அங்கு 1946 முதல் 1958 வரை 67 அணுச்சோதனைகள் நிகழ்ந்தன. அவற்றுள் பெரியது, 1954 மார்ச்சு 1ஆம் நாள் பிகினித் தீவில் வெடித்த ‘பிராவோ’ என்னும் குண்டு. 6 மெகாடன் அளவே அறிஞர் எதிர்பார்த்தது. வெளிப்பட்டதோ 15 மெகாடன். அதாவது ஹிரோஷிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு!

வெடிப்பிலே பொடியான பவளப்பாறை மேகமாய் எழுந்து, 100 மைலுக்கு அப்பாலுள்ள ரோங்கலாப் தீவில் வெண்பொடியாகப் பெய்தது. குடிநீர்த் தொட்டியிலும் உணவிலும் அது படிந்தது. சிறுவர் அதனை அள்ளி விளையாடினர். இரவிற்குள் குமட்டலும் எரிச்சலும் தொடங்கின. பின்னர் தலைமயிர் உதிர்ந்தது. அண்டைத் தீவான ரோங்கரிக்கிலிருந்த அமெரிக்க வீரர் 28 பேரும் மறுநாளே அகற்றப்பட்டனர். ரோங்கலாப்பில் இருந்த 64 பேருக்கு மூன்றாம் நாளில்தான் கப்பல் வந்தது. இந்த ஒரு நாள் வேறுபாட்டை நாம் மறத்தற்கில்லை.

தடைசெய்யப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியக் கப்பலொன்றின் மீதும் அப்பொடி விழுந்தது. கப்பலில் இருந்தோர் 23 பேர். அவர்களுள் வானொலி இயக்குநரான குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் உயிர்நீத்தார். கப்பலின் பெயரோ ‘அதிர்ஷ்ட நாகம்’!

பாரதம் வாளாவிருக்கவில்லை. 1954 ஏப்ரல் 2இல் நேரு மக்களவையில், இத்தகைய சோதனைகளை உடனே நிறுத்தி வைக்க நாடுகள் உடன்பட வேண்டுமென்று கூறினார். அம்மாதமே மார்ஷல் தீவினரும் ஐ.நா. சபைக்கு முறையிட்டனர், நிலமே தங்கள் உயிர் என்பது அம்முறையீட்டின் சாரம். நம் ராஜாஜி 1962இல், தமது 83ஆம் வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவிற்குத் தலைமையேற்று அமெரிக்கா சென்று, கென்னடியிடமே இதுபற்றி வாதாடினார். மறு ஆண்டு, வளியிலும் விண்வெளியிலும் நீரடியிலும் சோதனை நடத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் உருவாயிற்று.

சோதனை நடத்திய நாட்டின் வீரரேனும் காக்கப்பட்டனரோ? 1977 முதல் 1980 வரை எனிவெட்டாக் தீவுகளில் நச்சு மண்ணை வாரி, ரூனிட் தீவின் குண்டுக்குழியிற் கொட்டிக் காங்கிரீட்டால் மூடியவர்கள் அமெரிக்க வீரர்களே. தம் நோய்க்கும் அப்பணிக்கும் தொடர்புண்டென அரசினை ஏற்கச்செய்ய அவர்கள் 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி ரோங்கலாப் மக்களிடம் திரும்புவோம். இனி அச்சமில்லை என்று கூறி, 1957இல் அவர்களை ஊருக்கு அனுப்பினர். ஆண்டுதோறும் மருத்துவர் வந்தனர், குருதி எடுத்தனர், அளந்தனர். அம்மக்கள் அங்கு வாழ்வது கதிரியக்க ஆராய்ச்சிக்கு மிகப் பயன்தரும் என்று அம்மருத்துவக் குழுவின் அறிக்கையிலேயே எழுதியும் வைத்தனர். அன்று பொடியில் விளையாடிய குழந்தைகளிற் பெரும்பாலோர்க்குப் பின்னாளில் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியில் கட்டி தோன்றிற்று.

தென்னங்கன்றைப் பிள்ளை என்றழைக்கும் மரபினர் நாம். ஆதலின் அடுத்த செய்தி நம்மை உறுத்தும். பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு. அதற்கு ஈடாக, அதன் இனத்ததாகிய சீசியத்தைத் தென்னை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே நச்சு தேங்காயிலும் இளநீரிலும் ஏறிற்று. அத்தீவினர்க்கு அன்றாட உணவே தேங்காய் அன்றோ?

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்தவர் நாம். விடுமுறையில் இரயிலேறினால் நம் ஊர் அங்கே இருக்கிறது. கிணற்று நீரை அஞ்சாது பருகுகிறோம். ரோங்கலாப் மக்களோ தம்மை வேற்றிடம் சேர்க்க அரசினை வேண்டினர், பயனில்லை. 1985 மே மாதத்தில் கிரீன்பீஸ் இயக்கத்தின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பல் வந்தது. வீடுகளைப் பிரித்து, மரமும் தகரமும் ஏற்றி, 300க்கும் மேற்பட்டோர் மெஜாட்டோ என்னும் சிறு தீவிற்குப் புறப்பட்டனர்.