குடகின் காப்பித் தோட்டங்களும் நிழலின் வரலாறும்

1854ஆம் ஆண்டு ஃபௌலர் என்பவர் மடிக்கேரியில் குடகின் முதல் ஐரோப்பியக் காப்பித் தோட்டத்தைத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் காட்டை வெட்டி எரித்து, வெட்டவெளியிலேயே காப்பியை நட்டனர். முதற்சில ஆண்டுகள் விளைச்சல் செழித்தது. அச்செழிப்பு நெடுங்காலம் காடு சேர்த்துவைத்திருந்த மட்கினால் வந்தது. சேர்த்துவைக்கும் காடோ அப்போது அங்கு இல்லை. சரிவுகளில் பெய்த பருவமழை மேல்மண்ணை அரித்துச் சென்றது.

1860களில் தண்டுத் துளைப்பான் வண்டு தோட்டங்களைச் சூறையாடியது. வெயில் படும் தண்டின் பட்டையிலேயே அது விரும்பி முட்டையிடும். இதனை ஆராயச் சென்னை அரசு மருத்துவர் ஜார்ஜ் பிடியை அனுப்பியது. காடழிப்பையும் நிழலின்மையையும் வறட்சியையும் அவரது அறிக்கை காரணங்களாகச் சுட்டியது. நிழல்மரங்கள் மீண்டும் தோட்டங்களுக்குள் வந்தன.

குடகர்களுக்கு இது புதிய பாடமன்று. அவர்களது நெல்வயல் ஒவ்வொன்றோடும் ‘பாணே’ எனப்படும் மரமடர்ந்த மேட்டுநிலம் இணைந்திருந்தது. வயலுக்குத் தழையுரமும் வீட்டுக்கு விறகும் அங்கிருந்தே வந்தன. வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வையற்ற நிலமாக நின்ற அது, உண்மையில் வயலின் உரக்கிடங்கு.

பலவகை மரங்கள் ஏன் வேண்டும்? முள்முருங்கையின் இலை விரைவில் மட்கித் தழைச்சத்தை உடனே தருகிறது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனையும் நிலைப்படுத்துகின்றன. கடினமான இலைகள் மெல்ல மட்கி, மழைத்துளியின் அடியிலிருந்து மண்ணை மூடிக் காக்கின்றன. ஆழவேரூன்றிய மரங்கள் அடிமண்ணின் சத்துகளை உறிஞ்சி, இலையுதிர்வாக மேல்மண்ணுக்குத் திருப்புகின்றன. ஒரு மரம் இலை உதிர்க்காத மாதத்தில் மற்றொன்று உதிர்ப்பதால், மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் உணவு தட்டுவதில்லை.

ஆயினும் தோட்டங்களில் இன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கே பெருகி நிற்கிறது. விரைவாக வளர்வதும் மிளகுக்கொடி ஏற வசதியான நேர்த்தண்டும் அதன் பெருமைகள். அதைவிட வலிய காரணம் சட்டத்தில் உள்ளது. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் சில்வர் ஓக்கை வெட்ட முன்அனுமதி கோருவதில்லை. ஈட்டி போன்ற நாட்டு மரங்களுக்கோ அனுமதி வேண்டும். மரமதிப்பைச் செலுத்தி மீட்கப்படாத நிலங்களில் மரத்தின் உரிமையே அரசினுடையது. தான் வளர்க்கும் மரத்தால் தனக்குப் பயனில்லையெனில் உழவர் அதன் கன்றைக் களையாகவே பிடுங்குவார். அவரைக் குறைகூற இயலாது. முள்முருங்கைக்கும் அதே சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதன் மென்மரத்தை வாங்க மரவணிகர் எவரும் வருவதில்லை.