பேசமே: பின்னால் ஒட்டிய 'எனக்கு'

மாட்ரிட்டிலோ மெக்சிகோ நகரிலோ துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அதைப் 'பேசமே கொடுப்பது' என்பார்கள். எழுத்தைப் பார்த்தால் நம் 'பேசு' நினைவுக்கு வரும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஸ்பானிய அகராதியில் 'பேசமே' ஆண்பால் பெயர்ச்சொல். பிரித்தால் ஒரு முழு வாக்கியம் கிடைக்கும்: 'பேச' என்றால் பாரமாக இருக்கிறது, 'மே' என்றால் எனக்கு. உங்கள் இழப்பு எனக்குப் பாரமாக இருக்கிறது என்பதே பெயராக உறைந்துவிட்டது.

வினையின் வேர் லத்தீனின் 'பென்சாரே', எடைபோடுதல். மக்கள் வாயில் 'ச'வுக்கு முன்னிருந்த 'ன்' தேய்ந்து 'பேசார்' ஆயிற்று. 'மென்சா' இப்படித்தான் 'மேசா' ஆகி, போர்த்துக்கீசியர் வழியாக நம் வீட்டு மேசையாக வந்து சேர்ந்தது. அதே 'பென்சாரே' மெய் தேயாமல் 'பென்சார்' என்றும் நிலைத்தது. அதற்கு நினைத்தல் என்று பொருள். 'பெசோ' நாணயத்தின் பெயரும் இந்தக் குடும்பம்தான், முதலில் எடையைக் குறித்தது.

வேரைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது 'மே' நிற்கும் இடம். இன்று ஒருவர் தன் வருத்தத்தைச் சொல்வதானால் 'மே பேச' என்பார்; 'மே' முன்னால், தனியாக. வினையின் பின்னால் அது ஒட்டுவது ஏவலிலும் ('திமே', எனக்குச் சொல்), வினையின் மூல வடிவிலும் ('தெசிர்மே', எனக்குச் சொல்ல), எச்சத்திலும் மட்டுமே. 'பேச' இந்த மூன்றில் எதிலும் சேராது. பிறகு 'மே' ஏன் பின்னால் போனது?

விடை பழைய காஸ்டிலிய மொழியில் இருக்கிறது. அழுத்தமில்லாத இச்சிறு சொற்கள் அன்று வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. முன்னால் 'நோ' (இல்லை) போல ஏதாவது இருந்தால் அதன்மேல் சாய்ந்து வினைக்கு முன் நிற்கலாம். வினையே முதலில் வந்தால் அதன் பின்னால்தான் ஒட்ட வேண்டும். பழைய பிரெஞ்சில் இப்போக்கை 1875இல் அடோல்ஃப் டோப்ளரும், பழைய இத்தாலியத்தில் 1886இல் அடோல்ஃபோ முசாஃபியாவும் எடுத்துக்காட்டினர். விதிக்கு இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கிறது.

பேச்சில் விதி மறைந்தது. உறைந்த சொற்களில் தங்கிவிட்டது. எல்லாம் தெரிந்தவர்போல் நடப்பவரைக் கேலி செய்யும் 'சபேலோதோதோ'வில் 'லோ' (அதை) வினையின் பின்னால் இருக்கிறது. இன்றைய வரிசை 'லோ சபே தோதோ'. எதிலும் மூக்கை நுழைப்பவருக்கான 'மேதோமென்தோதோ'வும் அப்படியே. கோள்சொல்லியைக் குறிக்கும் 'கோர்ரேவெயிதிலே'யை இவற்றோடு சேர்க்கத் தோன்றும், ஆனால் சேர்க்க முடியாது. 'ஓடு, போ, அவரிடம் சொல்' என்னும் ஏவல்களின் கோவை அது. இன்றைய விதிப்படியே 'லே' பின்னால்தான் வரும்.

போர்த்துகலில் பழைய வரிசை இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வினைக்குப் பின்னரே 'மே'. பிரேசில்காரர்களோ பேச்சில் அதைத் தயங்காமல் முன்னால் வைத்துவிடுகிறார்கள். ஆனாலும் சாவு வீட்டில் அவர்கள் சொல்வதும் 'பேசமிஸ்'தான்.