யளனகபக

2018ஆம் வருடம் ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் அப்பாவுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். தபசு சமயத்தில் சங்கரன்கோவிலில் எந்த வீட்டிலும் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் வீட்டில் மச்சு மட்டும் காலியாக இருந்தது. தங்கைக்குப் பள்ளியில் கொடுத்த அரசு இலவச மடிக்கணினியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, அப்பாவும் நானும் மேலே போனோம்.

அப்பாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. நாற்பது வருடமாகப் பத்திரம் டைப் அடித்தவர். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று ஊரின் நிலமெல்லாம் கை மாறியதில் ஒரு பங்கு அவர் விரல் வழியாகப் போயிருக்கிறது. அந்த வருடத் தொடக்கத்தில் பதிவுத்துறை ‘ஸ்டார் 2.0’ என்ற புதிய மென்பொருளைக் கொண்டுவந்தது. ஆவண விவரங்களை இணையத்தில் முன்கூட்டியே ஏற்ற வேண்டும். அப்பா வேலைபார்த்த பத்திர எழுத்தர் கணினியும் பிரிண்டரும் வாங்கிப்போட்டார். நல்ல மனிதர். “அண்ணாச்சி, கத்துக்கிட்டு வாங்க. உங்க எடம் அப்படியே இருக்கும்” என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த இடம் எத்தனை நாளைக்கு அப்படியே இருக்கும் என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் செய்த முதல் தப்பு, எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தது. ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழில் விழும் முறை. “ஏ, எம், எம், ஏ அடிங்கப்பா, அம்மான்னு வரும்.” வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. ழகரத்துக்கு ‘இசட்’ என்றேன். அதைத் தேடி இரண்டு நிமிடம் ஒற்றை விரலைக் கட்டைகளுக்கு மேலே அலையவிட்டார். அப்பா ஆங்கில டைப்ரைட்டிங் படித்ததில்லை. தமிழில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர்.

“தமிழ் எழுததுக்கு இங்கிலீசு ஸ்பெல்லிங் எதுக்குல?”

நான் ஏதோ விளக்கம் சொன்னேன். “நமக்கு இது சரிப்படாது” என்று மூடியைச் சாத்திவிட்டுக் கீழே போய்விட்டார்.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அவர் விரல்கள் பழக்கதோஷத்தில் தொடையில் தட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். இடது சுண்டுவிரலில் ஆரம்பித்து ஆள்காட்டி விரல் வரை, பிறகு அது ஒரு கட்டை தள்ளிப் போய்த் திரும்ப வந்தது. என்னப்பா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “யளனகபக.”

தமிழ்த் தட்டச்சு வகுப்பின் முதல் பாடம் அது. ஆங்கிலக் கட்டையில் ஏ, எஸ், டி, எஃப், ஜி இருக்கும் இடத்தில் ய, ள, ன, க, ப. கணினியே தெரியாத ஒருவருக்குப் பாடம் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், தமிழை இயந்திரத்தில் எழுதுவதில் என்னைவிட முப்பது வருடம் மூத்தவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அந்த யளனகபகவுக்குப் பெரிய கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, பிழைக்க மலாயா, சிங்கப்பூர் என்று போன ஆர். முத்தையாவின் பெயரோடு அது தொடங்குகிறது. 1930களில் அவர் வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி ஜெர்மனியில் தயாராகி வந்தது. ‘பிஜூ’ என்ற சிறிய மாடல் பலருக்கு ஞாபகமிருக்கலாம். அவர் முன்னால் இருந்த கணக்கு எளிதானதல்ல. எழுத்து 247. பொறியில் இருப்பது சில பத்துக் கட்டைகள்தான், ஷிப்டோடு சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆகவே எழுத்தை உடைத்தார்கள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கட்டைகள். துண்டாக்க முடியாத உகர வரிசைக்கு ஷிப்டு: க மேல் கு, த மேல் து, ம மேல் மு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புள்ளிதான். காகிதத்தில் எழுதும்போது க போட்டுவிட்டுத்தான் புள்ளி வைப்போம். பொறியில் அப்படி முடியாது. க அடித்ததுமே வண்டி ஓரிடம் நகர்ந்துவிடும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காரும். எனவே புள்ளிக் கட்டையை நகராக் கட்டையாக்கினார்கள். முதலில் வெற்றிடத்தில் புள்ளி விழும், வண்டி அசையாது, பிறகு அதே இடத்தில் க வந்து விழும். பிரெஞ்சுப் பொறிகளில் எழுத்தின் மேல் போடும் குறிகளுக்கும் இதே உத்திதான். ஆனால் தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரிகூட ஓடாது. நாற்பது வருடமாக அப்பா ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் புள்ளியை முன்னால் வைத்தே எழுதியிருக்கிறார். விரல் அப்படியே யோசிக்கப் பழகிவிட்டது.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகம் தமிழில் நடக்க வேண்டுமானால் தமிழில் டைப் அடிக்க ஆள் வேண்டும். அந்தத் தேவைதான் சிற்றூர்கள் வரை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளைக் கொண்டுவந்தது. அப்பா 1974இல் சேர்ந்தார். விடிகாலை பேட்ச். ஒரு பக்கம் தறிச் சத்தம், ஒரு பக்கம் இந்தச் சத்தம் என்பார். சங்கரன்கோவிலில் தறி ஓட்டப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போக இருந்த சில வாசல்களில் அதுவும் ஒன்று.

அவர் ஹையர் முடித்துச் சில வருடத்தில், 1978இல், எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் புழக்கத்தில் விட்டது. ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையை விட்டுவிட்டுச் சாதாரண இணைக்கொம்புக்கு வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சுமை குறைந்தது என்று படித்திருக்கிறோம். டைப்பிஸ்டுக்கு அது விரல் மாறிய விஷயம். ஆக, மாற்றம் என்பதும் அப்பாவுக்குப் புதிதில்லை. ஒருமுறை மாறியவர்தான்.

மறுநாள் காலை பாடத்தைத் தலைகீழாக்கினேன். கட்டைகளை அவரையே எனக்கு விளக்கச் சொன்னேன். ஷிப்டு ஏன் ஷிப்டு? “எழுத்துக் கூடையோ வண்டியோ ஒண்ணு நெசமாவே எடம் மாறும்ல, அதான்.” டேப், பேக்ஸ்பேஸ், கேப்ஸ் லாக், எல்லாம் தெரிந்த முகங்கள். எண்டர் கட்டையின் பழைய பெயர் ரிட்டர்ன் என்றதும், வண்டியைத் தள்ளும் நெம்புகோலைக் காற்றில் தள்ளிக் காட்டினார். அதில் இரண்டு வேலை உண்டாம். தாளை ஒரு வரி உருட்டுவது ஒன்று, வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோவது இன்னொன்று. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு குறிகள், 13ம் 10ம். லினக்ஸில் ஒன்றே ஒன்று, 10. இந்த வித்தியாசத்தால் நிரல் உடைந்து நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்த நாட்கள் உண்டு. காரணம் அப்பாவின் இடது கையில் இருந்திருக்கிறது. மின்னஞ்சலில் ‘சிசி’ என்றால் கார்பன் காப்பி என்றேன். அதற்கு அவர், கார்பனை நாலு தாளுக்கு நடுவில் வைத்தால் கடைசிப் பிரதி தெளிவாக விழ எவ்வளவு அழுத்த வேண்டும் என்று பாடமே எடுத்தார்.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. அவர் கட்டை கணினியில் கிடைக்குமா? தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துரு, நிறுவனத்துக்கொரு விசைப்பலகை என்றுதான் கணித்தமிழ் இருந்தது. ஒரு கணினியில் அடித்தது அடுத்ததில் கோழிக்கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டுக்குப் பிறகு ‘தமிழ்99’ பொது விசைப்பலகையானது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ககரத்தை இரண்டு முறை தட்டினால் நடுவில் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் ஏற்றது. யூனிகோடு எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, ஒலியின் வரிசையைப் பார்க்கிறது. ‘கெ’ என்றால் க முதலில், கொம்பு பிறகு. புதிதாகக் கற்பவர் யார் கேட்டாலும் நான் தமிழ்99தான் சொல்வேன், அவ்வளவு சீராக யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வரிசை, கொம்பு முதலில், புள்ளி முதலில் என்று அரை ஆயுள் அடித்தவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டதல்ல.

அவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள் வேறு சிலர். நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகக் கொடுத்த என்.எச்.எம். ரைட்டரில் ‘பழைய தட்டச்சு’ என்று தனியாக ஒரு தேர்வே இருக்கிறது. புள்ளியை முன்னால் தட்டலாம். மென்பொருள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்து, க வந்ததும் யூனிகோடுக்கு வேண்டிய மாதிரி முன்பின்னாக மாற்றி வைத்துவிடும். இப்படி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று யாரோ ஒரு நிரலாளர் நினைத்திருக்கிறார். என் தொழிலில் இந்த மாதிரி வேலைக்கு யாரும் பதவி உயர்வு தருவதில்லை.

அதை நிறுவிவிட்டு, “இப்ப அடிங்கப்பா” என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய கிரயப் பத்திரம் ஒன்றை இடப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டார். திரையைப் பார்க்கவே இல்லை. மூலத்தைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், கட்டையைப் பார்த்தால் வாத்தியார் ஸ்கேலால் அடிப்பாராம். மழை மாதிரி விழுந்தது. தமிழில் என் வேகம் அதில் பாதி இருக்கும்.

ஒரு பக்கம் முடிந்து நிமிர்ந்தபோது மூன்று பிழை தெரிந்தது. விரலின் பலத்துக்கு மெல்லிய கட்டை இரண்டு தரம் விழுந்திருந்தது. பேக்ஸ்பேஸைக் காட்டிக்கொடுத்தேன். இந்தக் கட்டை பின்னால் போவதோடு நிற்காது, அழித்துக்கொண்டே போகும். அழித்துத் திருத்தினார். பிறகு திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோய் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழிச்சது தெரியவே தெரியாதா?”

“தெரியாதுப்பா.”

“ஒரு தடயமும் இருக்காதா?”

பத்திரத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாலும் எழுதிக்கொடுப்பவர் அந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு இருக்கிறது. எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல் என்று கடைசியில் எண்ணிக்கையும் எழுதுவது வழக்கம். திருத்தியது தெரியாமல் திருத்துவதற்கு அவர் தொழிலில் வேறு பெயர்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கீழே தபசுக்கு வந்த அத்தைமார்களின் சத்தம். பிறகு கர்சரைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டுபோய், பத்து விரலையும் யளனகவில் வைத்து, நிதானமாக அடித்தார்: இதில் அடித்தல் இல்லை. திருத்தல் மூன்று.