சாய்ந்து நிற்கும் கொட்டை எழுத்து

கண்டி நகருக்கு அணித்தாயுள்ள பேராதனைப் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அங்கு வளரும் மரஞ்செடிகளைப் பற்றிய ஆங்கில நூலொன்றைப் புரட்டுவோர், செடியின் இலத்தீன் பெயர் மட்டும் வலப்புறம் சாய்ந்து நிற்பதைக் காண்பர். தாவர நூல்கள் பலவற்றில், ஏற்கப்பட்ட பெயர் தடித்த சாய்வெழுத்திலும், கைவிடப்பட்ட பழைய பெயர்கள் மெல்லிய சாய்வெழுத்திலும் அமைந்திருக்கும். விளக்கவுரை எதுவுமின்றி எழுத்தின் உருவமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகின்றது.

இவ்வெழுத்துப் பிறந்தது இத்தாலியில். 1501ஆம் ஆண்டில் வெனிசு நகரத்து அச்சகத்தாராகிய அல்டசு மனூசியசு, வேர்ச்சில் என்னும் இலத்தீன் புலவரின் பாடல்களைக் கையடக்க நூலாக வெளியிட்டார். அதற்கான எழுத்தை வெட்டியவர் பிரான்செசுக்கோ கிரிபோ. கற்றோர் விரைந்தெழுதும் கையெழுத்தே அதற்கு மாதிரியாயிற்று. நூல் முழுவதும் சாய்வெழுத்தே. ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் நோக்கம் அன்று அதற்கு இருக்கவில்லை.

அந்நோக்கம் பின்னர் வந்தது. அதற்குச் சான்றாகும் நூலொன்று கண்டி நாட்டையே பொருளாகக் கொண்டது. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்ட றொபேட் நொக்ஸ், கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் அச்சேறியது. அக்கால அச்சு வழக்கின்படி ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அதிற் சாய்வெழுத்தில் உள்ளன. நிமிர்ந்த வரிகளிடையே கண்டியின் பெயர் சாய்ந்து நின்று வாசகரின் கண்ணை ஈர்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் எழுத்து வார்ப்போர் சாய்வெழுத்தைப் பருக்கச் செய்தனர். தடித்த கோடுகள் கரிய தூண்களாயின. மெல்லிய கோடுகள் மயிரிழையாயின. அதிர்ட்டச் சீட்டு விளம்பரங்களும் சுவரொட்டிகளும் அவ்வெழுத்தை விரும்பி ஏற்றன. நூலில் மெல்லப் பேசிய எழுத்து, தெருவில் உரத்துக் கூவலாயிற்று. ஆயினும் ஈய அச்சில் ஓர் இடரும் இருந்தது. சாய்ந்த எழுத்தின் முனை தன் அடிக்கட்டையைக் கடந்து வெளியே நீண்டால், எளிதில் உடைந்துவிடும்.

தமிழின் நிலை வேறு. இன்று கிடைக்கும் தமிழெழுத்து அச்சு நூல்களுள் மிகப் பழையதாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதன்பின் வளர்ந்த தமிழ் அச்சு மரபில் சாய்வெழுத்து ஆழ வேரூன்றவில்லை. அழுத்திக் கூறவேண்டியதைக் கொட்டை எழுத்திற் போடுவதே நம்மவர் வழக்கம். இன்றோ கணினி எந்த எழுத்தையும் நொடியிற் சரித்துத் தடிப்பாக்கித் தருகின்றது. அங்ஙனம் செய்கையில் தமிழெழுத்தின் சுழிகளுக்குள் உள்ள வெண்மை சுருங்குகின்றது. மணமும் மனமும் ஒரு சுழியாலேயே வேறுபடுகின்றன. அச்சுழி மையில் மூழ்கினால், எழுத்து அழகாயிருந்தும் பொருள் மறைந்துபோம்.

கண்டி என்னும் பெயரிலும் அச்சுழிகளும் அவற்றின் மேல் ஒரு புள்ளியும் உண்டு. பெயர்ப்பலகையில் அதனைத் தடித்துச் சாய்த்து எழுத முனைவோர், விரைந்து செல்லும் பேருந்திலிருந்து நோக்கும் பயணிக்கும் சுழியும் புள்ளியும் தெரியுமா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். மேலும், பலகை முழுதும் அவ்வெழுத்தாலே நிரம்பினால் எச்சொல்லும் எடுத்து நில்லாது. சுற்றியுள்ளவை நிமிர்ந்து நிற்கும்போதே சாய்ந்த எழுத்துக்குச் சிறப்பு உண்டு.