மரக்காணம் உப்புக் கொட்டகையில் நாலு வீல்

இந்த எபிசோட் ஒரு பழைய காரோட வீல்களைப் பத்தினது. காரே பிடிக்காதுங்கிறவங்களும் கொஞ்சம் இருங்க, இதுல எங்க வீட்டுச் சண்டை ஒண்ணும் இருக்கு.

எங்க மாமாவுக்கு மரக்காணத்துல உப்பளம் இருந்தது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியிற ஊர் அது. ஒரு காலத்துல உப்பு தோணியில ஏறி மெட்ராஸ் போச்சு, அப்புறம் லாரிக்கு மாறுச்சு. உப்பு வித்த காசுல மாமா ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினார். 1983ல ஒரு நாள் உப்பளத்து ஓரமா ஓட்டிக்கிட்டு வரும்போது முன்பக்க இடது வீல் கழண்டு, தானா உருண்டு பாத்திக்குள்ள போய் விழுந்தது. வண்டி வரப்புல மோதி நின்னது. பக்கத்துல உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குத் தோள்பட்டை உடைஞ்சு, கடைசி வரைக்கும் அந்தக் கையைத் தூக்க முடியல. "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினான்" என்று தாத்தா சொன்னார். குடும்பமே அதைச் சொன்னது. மாமா பதில் சொன்னதே இல்ல. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கையும் தொடல. போன வருஷம் இறந்துட்டார்.

ரெண்டு மாசம் முன்னாடி மச்சான் போன் பண்ணான். கொட்டகையைக் காலி பண்ணும்போது சாக்குல சுத்தின நாலு அலாய் வீல் கிடைச்சிருக்கு. "அப்பாவோட ரேஸ் வீல்டா! ஹெரால்டைத் தயார் பண்ணிட்டேன், இதை மாட்டி ஈ.சி.ஆர்.ல சென்னை வரைக்கும் ஓட்டிட்டு வரேன்" என்றான். நான் வர்ற வரைக்கும் மாட்டாதேன்னு சொல்லிட்டு, ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினேன்.

போற வழியிலயே இந்தக் கதையோட பாதி இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல வண்டலூர். ஹெரால்டு பிறந்த இடம் அதுதான். இங்கிலாந்துல ட்ரையம்ஃப் கம்பெனி 1959ல கொண்டு வந்த கார், ஜியோவானி மிக்கெலோட்டிங்கிற இத்தாலியர் வரைஞ்ச உருவம். 1961லேருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதை இங்கே செஞ்சது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு. அப்போ இந்தியாவுல கார்னா அநேகமா இந்த மூணுதான். ஹெரால்டுக்கு நாலு கதவு வெச்சதுகூட நம்ம ஊர் வேலைதான், இங்கிலாந்து ஹெரால்டுக்கு ரெண்டே கதவு.

வீல் செய்யற தொழிலும் பக்கத்துலயே இருந்தது. பாடியில வீல்ஸ் இந்தியா 1960ல ஆரம்பிச்சது. ஆனா அங்கே வந்தது ஸ்டீல் வீல், தினப்படி ஓட்டத்துக்கு. அலாய் வீல்ங்கிறது வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்துல பார்க்கிற பொருள். லைசென்ஸ் காலம், இறக்குமதின்னாலே கதவு சாத்தியிருக்கும். சோழவரத்துல, ரெண்டாம் உலகப்போர் விமான ஓடுதளத்துல, ரேஸ் நடக்கும். அங்கே ஹெரால்டும் ஃபியட்டும் சீறிக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டு வந்த பசங்களுக்குத் தன் வண்டியிலயும் ஏதாவது மாத்தணும்னு கை துறுதுறுக்கும். மாமா அந்தப் பசங்கள்ல ஒருத்தர். துபாயிலேருந்து ஒருத்தர் கொண்டு வந்ததா ஒரு செட் வீல் கிடைக்க, உடனே வாங்கிட்டார்.

வேற கம்பெனி வீலை நம்ம வண்டியில மாட்டுறது, கிட்டத்தட்ட காரோட சேர்ந்தே பிறந்த பழக்கம். ஆரம்ப காலக் கார்கள்ல ஸ்பேர் வீலே கிடையாது. 1904ல வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல கடை வெச்சிருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆரக்கால் இல்லாத ஒரு வளையம், அதுமேல காத்தடைச்ச டயர். பஞ்சரான வீலைக் கழட்டவே வேணாம், அதோட பக்கத்துல இதைக் கவ்வ வெச்சு இறுக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். அந்தத் தெருப் பேரைத்தான் நாம இன்னிக்கும் "ஸ்டெப்னி இருக்கா?"ன்னு கேட்கிறோம். இங்கிலாந்துக்காரனுக்கே அந்த வார்த்தை மறந்துபோச்சு. ஆனா மாற்றுப் பாகம் சுமக்கிற யோசனை நமக்கு ரொம்பப் பழசு. புறநானூற்றுல உமணர், அதாவது உப்பு வணிகர், வண்டிக்கு அடியில கூடுதலா ஒரு அச்சைக் கட்டிக்கிட்டுப் போறாங்க. சேம அச்சுன்னு அதுக்குப் பேர். உப்பளத்துல நின்னு இதை நினைச்சுப் பார்த்தா ஒரு மாதிரி இருக்கு.

கழட்டி மாட்டுற வீல் வந்த பிறகுதான் பிரச்சினை. ஒவ்வொருத்தரும் போல்ட் ஓட்டைகளை ஒவ்வொரு வட்டத்துல போட்டாங்க. அந்த வட்டத்தோட விட்டம்தான் பி.சி.டி. அம்பாசிடருக்கு அஞ்சு ஓட்டை, நாலரை அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர். மாருதி 800க்கும் அதே 114.3, ஆனா நாலு ஓட்டை. ஃபியட்டுக்கு 98. ஹெரால்டுக்கு மூணேமுக்கால் அங்குலம், 95.25.

கொட்டகையில வீலைத் திருப்பிப் போட்டேன். பழைய வீலை வாங்கறவங்க முகத்தைப் பார்க்காதீங்க, முதுகைப் பாருங்க. அகலம், விட்டம், வார்த்த கம்பெனி எல்லாம் பின்னாடிதான் இருக்கும். ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருந்தா அது ஜப்பான் தரக்குறி. ஈ.டி.ன்னு ஒரு எண் இருந்தா அது ஆஃப்செட், ஹப்புல உட்கார்ற முகம் வீலோட நடுக்கோட்டுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது. அது தப்பினா டயர் ஃபெண்டர்லயோ சஸ்பென்ஷன்லயோ உரசும். எங்க வீல்ல வெள்ளையா மாவு பூத்து எதுவும் தெரியல. உப்புக்காத்து நாப்பது வருஷம் தின்ன தடம். பித்தளை பிரஷ் போட்டுத் தேய்ச்சதும் எழுத்து வந்தது: குரோமோடோரா. ஃபியட்டுக்கு வீல் செஞ்ச இத்தாலிய கம்பெனி.

அந்தக் காலத்து வீல் சிலது மெக்னீசியம். உப்புக்காத்துல மெக்னீசியம் உள்ளுக்குள்ளயே அரிச்சுப்போயிடும், நம்பி ஓட்டவே கூடாது. கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு மூலையைச் சுரண்டி வினிகர் ஒரு சொட்டு விடுறது. நுரைச்சா மெக்னீசியம். எங்களுது நுரைக்கல, அலுமினியம்தான். மச்சான் முகத்துல சந்தோஷம்.

அப்புறம் அளந்தேன். நாலு ஓட்டை வீல்ல இது சுலபம். ஒரு ஓட்டையோட வெளி விளிம்புலேருந்து எதிர் ஓட்டையோட உள் விளிம்பு வரைக்கும் அளந்தா அதுதான் பி.சி.டி. (அஞ்சு ஓட்டைன்னா அடுத்தடுத்த ரெண்டு ஓட்டையோட மையத் தூரத்தை 1.7ஆல பெருக்குங்க.) 98 வந்தது. மறுபடி அளந்தேன். 98தான். ஹெரால்டோட ஹப்பை அளந்தா 95தான் வருது.

மச்சான் நம்பல. ஒரு வீலைத் தூக்கி ஹப்புல வெச்சுக் காட்டினான். சிக்கல் இல்லாம உள்ளே போச்சு! இதுதான் விஷயமே. ஃபியட் போல்ட் 12 மில்லிமீட்டர் தடிமன். ஹெரால்டு ஸ்டட் முக்கால் பங்கு அங்குலத்துல பாதி, ஒன்பதரை மில்லிமீட்டர்தான். பெரிய ஓட்டைக்குள்ள சின்ன ஸ்டட் தாராளமா நுழையும். ஆனா ஒவ்வொரு ஸ்டட்டும் மையத்துலேருந்து ஏறக்குறைய ரெண்டு ஏ.டி.எம். கார்டு தடிமன் உள்ளே தள்ளி நிக்கும். நட்டோட கூம்பு முகம் குழியில முழுசா உட்காராது, ஒரு ஓரத்தை மட்டும் கடிக்கும். இறுக்கும்போது கைக்கு இறுகின மாதிரிதான் தெரியும், ஓட ஓட தளரும். போதாததுக்கு அலாய் வீல் ஸ்டீலை விடத் தடிமன், பழைய ஸ்டட் நீளமே பத்தாது, நட் ரெண்டு மூணு மரைதான் பிடிச்சிருக்கும்.

இன்னொண்ணும் அப்போதான் புரிஞ்சது. 1983ல இங்கே ஓடின ஃபியட்டுக்கு 14 அங்குல வீல். இது 13. ஃபியட்காரங்க யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க. 13 அங்குலம், நாலு ஓட்டை, அப்போ ஹெரால்டுக்காரன் தலையில கட்டுன்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. மாட்டிக் கொடுத்த ஒர்க்ஷாப்பும் அளக்கல.

டார்ச் அடிச்சு நட் உட்கார்ற குழிகளைப் பார்த்தோம். நாலு வீல்லயும், நாலு குழியிலயும், மையத்தைப் பார்த்த பக்கம் மட்டும் நசுங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் புதுசு மாதிரி. ஒரு வீல்ல மட்டும் ஓட்டைகள் முட்டை வடிவத்துக்குக் கிழிஞ்சிருந்தது. கழண்டு ஓடினது எந்த வீல்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கல.

மாமா அன்னிக்கு வேகமா போகலன்னு இது நிரூபிக்காது. அவர் வேகமாவும் போயிருக்கலாம். ஆனா முப்பதுல போயிருந்தாலும் அந்த வீல் ஒரு நாள் கழண்டுதான் இருக்கும்.

மச்சான் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், ஓட்டையை அடைச்சு வெல்டு பண்ணி 95.25க்குத் துளைக்கலாமான்னு கேட்டான். வேணாம்னேன். வார்ப்பு அலாயைப் போல்ட் வட்டத்துல வெல்டு பண்ணி ரோட்டுல ஓட்டுறது, அதே தப்பை ரெண்டாவது தடவை பண்றது. ஹெரால்டு இப்போ அதோட பழைய ஸ்டீல் வீல்லயே ஓடுது.

அத்தைகிட்ட அந்தக் கிழிஞ்ச வீலைக் காட்டி எல்லாத்தையும் சொன்னோம். விரலை ஒவ்வொரு ஓட்டையா விட்டுப் பார்த்தாங்க. "உங்க தாத்தா இருக்கும்போது இதை ஏன்டா யாரும் அளக்கல?" என்று கேட்டாங்க. அப்புறம் அந்த வீலை மட்டும் வீட்டுக்குள்ள எடுத்துட்டு வரச் சொன்னாங்க.