வாத்தியார் ஓடிய 10.38 விநாடி

உப்பிலியபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்துச் சுவரில் வருசத்துக்கு நாலஞ்சு தடவையாவது கபடிப் போட்டி போஸ்டர் ஏறிவிடும். முதல் பரிசு இவ்வளவு, கோப்பை வழங்குபவர் இன்னார், சிறந்த ரைடருக்குத் தனிப்பரிசு. அதன் மேலேயோ கீழேயோ ‘அமெச்சூர் கபடிக் கழகம்’ என்ற பெயர் இருக்கும். சின்ன வயசில் அந்த ‘அமெச்சூர்’ ஏதோ ஊர்ப் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னச்சநல்லூர், லால்குடி, அமெச்சூர்! அப்புறம்தான் தெரிந்தது, காசுக்காக இல்லாமல் ஆசைக்காக ஒன்றைச் செய்கிறவருக்கு அந்தப் பெயர் என்று.

தமிழுக்கு அந்தச் சொல் விளையாட்டு வழியாக மட்டும் வரவில்லை, நாடகம் வழியாகவும் வந்தது. 1952-ல் சென்னையில் ஒய்.ஜி. பார்த்தசாரதி தொடங்கிய குழுவின் பெயரே யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ். அந்தக் காலத்து சபா நாடகங்களில் பகலில் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஒத்திகைக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். ‘அமெச்சூர்’ என்றால் நம்மாட்களுக்குக் கொஞ்சம் அரைகுறை என்ற தொனியும் உண்டு. ஒலிம்பிக்கில் அந்தக் காலத்தில் அது நேர்மாறாக இருந்தது. அங்கே அமெச்சூராக இருப்பதுதான் உள்ளே நுழையத் தகுதியாக இருந்தது. 1912 ஸ்டாக்ஹோமில் இரண்டு தங்கம் வாங்கிய அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப், அதற்கு முன்னால் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று தெரியவந்ததும், 1913-ல் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1983-ல்தான் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு 30 வருசம் முன்பே மனுசன் செத்துப்போயிருந்தார்.

இந்தக் கறாரான விதி நடப்பிலிருந்த காலத்தில், ஒரு தமிழ் வாத்தியார் பள்ளிக்கூட வேலையும் குடும்பமும் போக மிச்சமிருந்த நேரத்தில் ஓடி, ஆசியாவின் இரண்டாவது வேகமான மனிதராக வந்தார். சிங்கப்பூர்க்காரர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள்: சி. குணாளன். முழுப்பெயர் கனகசபை குணாளன். எங்க பக்கம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் திருச்சியிலிருந்து நாலு மணி நேரத்தில் நேராக சிங்கப்பூர் போய் இறங்கிவிடலாம். துறையூர், முசிறிப் பக்கம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெரு அபூர்வம். சிராங்கூன் ரோடும் முஸ்தபா கடையும் நமக்கு மனப்பாடம். அந்த ரோட்டை ஒட்டியிருக்கிற ஃபேரர் பார்க் திடலில் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது.

குணாளன் பிறந்தது 1942-ல், மலாயாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் ஊரில். அந்த வருசம் பிப்ரவரி 15-ல்தான் சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்தது. சுங்கை சிப்புட்டைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய தமிழர்கள் பால்மரம் வெட்டிய பகுதி. ‘ரஜூலா’ கப்பலைப் பற்றி நம்ம ஊர்க் கிழவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1926-ல் ஓடத் தொடங்கி 1970-கள் வரை அந்தக் கடலில் அலைந்த கப்பல். மலேசிய அமைச்சராக இருந்த வீ.தி. சம்பந்தனும் இதே சுங்கை சிப்புட்காரர்தான். 1948 ஜூனில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டு மலாயா முழுக்க அவசரகாலச் சட்டம் வந்ததும் இந்த ஊரிலிருந்து தொடங்கிய கதை.

குணாளன் பிறகு சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து ஆசிரியரானார். அவருக்குப் பிடித்த விளையாட்டு ஓட்டப்பந்தயம் இல்லை, கால்பந்து. பந்தோடு அவர் ஓடுவதைக் கவனித்து, “நீ தடகளத்துக்கு வா” என்று இழுத்தவர் டான் எங் யூன், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். அப்போது குணாளனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. இன்றைக்கு எந்த அகாடமியிலும் அந்த வயசில் 100 மீட்டர் ஓட்டத்தை அரிச்சுவடியிலிருந்து கற்றுக்கொள்ள வருகிறவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வயசிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். குணாளனுக்குக் கிடைத்தது மொத்தமே ஏழெட்டு வருசம். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

அந்த ஏழெட்டு வருசத்தில் அவர் கால்களைவிட வேகமாக ஓடியது அரசியல். 1963 செப்டம்பர் 16-ல் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. ஆகவே 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு சிங்கப்பூர் என்று தனியாக அணி கிடையாது. குணாளன் மலேசியக் கொடியின் கீழ்தான் போனார், ரிலே ஓட்டத்துக்கு. அதே குழுவில் இன்னொரு தமிழர், மணி ஜெகதீசன். குவாலா கங்சாரில் பிறந்தவர், மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். பத்திரிகைகள் அவரைப் ‘பறக்கும் டாக்டர்’ என்று எழுதின. 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. நேற்று வரை ஒரே பனியன் போட்டவர்கள் இன்றைக்கு இரண்டு நாட்டுக்காரர்கள்.

பிரிந்த பதினாறாவது மாதம், 1966 டிசம்பரில், பாங்காக்கில் ஆசிய விளையாட்டுப் போட்டி. 100 மீட்டர் இறுதி ஓட்டம். கண்ணுக்கு இரண்டு பேர் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள், ஜெகதீசனும் குணாளனும். யார் முதல் என்று போட்டோவைப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். தங்கம் ஜெகதீசனுக்கு. ஆசியா முழுக்க வந்து கூடிய போட்டியில் முதல் இரண்டு பேரும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள், இரண்டு புது நாடுகளின் சார்பில். ஜெகதீசன் அங்கே 200 மீட்டரும் 4x100 ரிலேயும் ஜெயித்து மூன்று தங்கத்தோடு ஊர் திரும்பினார். எனக்குத் தெரிந்து நம்ம பள்ளிக்கூடப் புத்தகம் எதிலும் இந்த ஓட்டம் வந்ததில்லை.

குணாளனுக்கு அந்த வருசங்களில் 100 மீட்டரை விடக் கஷ்டமான ஓட்டம் வேறொன்று இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் பழகிய ஒரு சீனப் பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினார். குடும்பத்தில் எதிர்ப்பு. இதை இன்றைய சிங்கப்பூரை வைத்துப் பார்க்கக்கூடாது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் அந்த ஊரில் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். இந்தியர்கள் அங்கே 100-க்கு 7 பேர்தான். இனம் மாறிக் கட்டினால் இரண்டு பக்கச் சொந்தமும் கைகழுவிவிடும் காலம். சட்டத்தில் தடை எதுவும் கிடையாது. 1961-ல் வந்த மாதர் சாசனத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். தடை வீட்டுக்குள்ளேதான். நம்ம ஊரில் பக்கத்துத் தெருவில் சாதி மாறிக் கட்டினாலே எத்தனை வருசம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் நடுவில் கல்யாணம் நடந்தது. மூன்று பெண் குழந்தைகள். ஓட்டப்பந்தயப் புத்தகங்களில் இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. காலையில் வகுப்பு, மாலையில் திடல், ராத்திரி வீடு. இந்தக் கணக்கில் பயிற்சிக்குக் கிடைக்கிற நேரம் வேறு யாரோ விட்டுக்கொடுத்த நேரம். மாதச் சம்பளம் பாடம் நடத்துவதற்கு வந்ததே தவிர, ஓடுவதற்கு வரவில்லை. அந்த நேரத்தின் விலையைக் கொடுத்தவர் வீட்டிலிருந்த அந்த அம்மா. பதக்கப் பட்டியலில் அவர் பெயருக்கு இடமில்லை.

1968 அக்டோபர், மெக்சிகோ சிட்டி. இந்தத் தடவை மார்பில் சிங்கப்பூர். ஒலிம்பிக்கில் முதல்முறையாக ‘டார்ட்டன்’ என்ற செயற்கை ஓடுதளம் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் கரித்தூள் தளம்தான், மழை பெய்தால் சேறு. 100 மீட்டரில் முதல் சுற்றைத் தாண்டிக் காலிறுதிக்குப் போனார் குணாளன். அந்த மெக்சிகோ ஓட்டத்தில் எந்திரக் கடிகாரம் காட்டிய நேரம் 10.38 விநாடி. அதோடு அவர் போட்டி முடிந்தது. தங்கம் வாங்கிய அமெரிக்கர் ஜிம் ஹைன்ஸின் நேரம் 9.95. அதாவது குணாளன் 100 மீட்டர் முடிக்கும்போது ஹைன்ஸ் நாலு மீட்டருக்கு மேல் முன்னால் இருந்திருப்பார். உலக அளவில் இதுதான் நிலவரம், மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் சிங்கப்பூரில் அந்த 10.38-ஐ அடுத்த 33 வருசத்துக்கு யாராலும் அசைக்க முடியவில்லை.

ஏன்? இதைக் கொஞ்சம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி. அங்கே காற்று லேசு. நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு மூச்சு திணறும். பத்து விநாடியில் முடிகிற ஓட்டத்துக்கு மூச்சே பெரிய விஷயமில்லை, காற்றின் எதிர்ப்பு குறைவதால் லாபம்தான். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியதும் அங்கேதான். அந்த உலக சாதனை 1991 வரை, 23 வருசம் நின்றது. ஜெகதீசன் அதே மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசிய சாதனையை உடைக்க 2017 ஆக வேண்டியிருந்தது, 49 வருசம். ஆக, இரண்டு தமிழர்களின் நீண்ட ஆயுள் சாதனைகளுக்கும் மெக்சிகோவின் மெல்லிய காற்று ஒரு பங்காளி.

ஆனால் அது மட்டும் காரணம் என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. உயரம் தரும் லாபம் 100 மீட்டரில் சில நூறில்-ஒரு-பங்கு விநாடிகள். 33 வருசத்தில் நல்ல தளம், நல்ல காலணி, உணவு, வெளிநாட்டுப் பயிற்சி எல்லாம் வந்துவிட்டன. அத்தனையும் சேர்ந்து அந்தச் சில்லறையை ஈடுகட்டியிருக்க வேண்டாமா? என் ஊகம், வேகமாக ஓடத் தெரிந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள், ஓடவிடத்தான் ஆளில்லை. பரீட்சை, மேற்படிப்பு, வேலை என்று போய்விட்ட ஊர் அது. ஓட்டம் பதினெட்டு வயசோடு நின்றுவிடும். குணாளன் ஓட ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

1968-லும் 1969-லும் அடுத்தடுத்து சிங்கப்பூரின் சிறந்த விளையாட்டு வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு சீக்கிரமே, முப்பது வயதுக்குள்ளேயே, பந்தயங்களிலிருந்து விலகிவிட்டார். பிறகு உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் விரிவுரையாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பி.டி. பீரியடு நடத்திய எத்தனையோ பேர் அவரிடம் படித்தவர்கள். ஜெகதீசன் டாக்டரானார், ஊக்கமருந்துத் தடுப்பு வேலைகளில் ஆசிய அளவில் பெயர் வாங்கினார். இருவருக்குமே ஓட்டம் பிழைப்பாகவில்லை.

இன்றைக்கு நிலைமை வேறு. 2016-ல் நீச்சலில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த ஜோசப் ஸ்கூலிங்குக்கு 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் பரிசு. நம்ம பக்கம் வழி கொஞ்சம் சுற்று: ஓடினால் ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலை. 2023-ல் புடாபெஸ்ட் உலகப் போட்டியில் 4x400 ஓட்டத்தை 2 நிமிடம் 59.05 விநாடியில் முடித்து ஆசிய சாதனை செய்த இந்திய அணியில் ஓடிய ராஜேஷ் ரமேஷ், திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். அவர் டிக்கெட் கேட்டு நம்மில் சிலர் எடுத்தும் காட்டியிருப்போம், யாரென்று தெரியாமலே. சுவரொட்டிக் கபடிக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. பகலில் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டிவிட்டு ராத்திரி களத்தில் இறங்குகிறவர்கள். ஜெயித்தால் பரிசுப் பணத்தை ஏழு பேர் பங்கு போட வேண்டும். காலில் அடிபட்டால் ஒரு மாசம் வேலை போச்சு. வீட்டில் கேள்வி வரும், வராமல் இருக்குமா?

2001 செப்டம்பர், கோலாலம்பூரில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி. யு.கே. ஷியாம் என்ற சிங்கப்பூர் ஓட்டக்காரர் 100 மீட்டரை 10.37 விநாடியில் முடித்தார். குணாளனின் சாதனையைவிட ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு குறைவு. ஓட்டக்காரர்கள் கோட்டைத் தொடும் வேகத்தில் அது நாலு அங்குலம் இருக்கும், ஒரு கையின் அகலம். ஷியாமின் சாதனையும் லேசுப்பட்டதில்லை. 22 வருசம் கழித்து, 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் மார்க் லூயிஸ் 10.27-ல் ஓடித்தான் அது விழுந்தது.

33 வருசச் சாதனையை உடைத்த அந்த நாளிலும் ஷியாமுக்குத் தங்கம் கிடைக்கவில்லை. தாய்லாந்துக்காரர் ஒருவர் முந்திவிட்டார். பாங்காக்கில் குணாளனுக்குப் போலவே, வெள்ளிதான்.