மேலிலைச் சேதமும் டெலித் தொழிலாளரும்

சுருட்டின் மேற்புறத்தே சுற்றப்பெறும் இலையை ஈண்டு மேலிலை எனக் குறிக்கின்றோம். அதிற் சிறு கிழிசல் நேரின், அவ்வகை இலைத்துணுக்கையே பசையிட்டு ஒட்டிச் சீர்செய்வர். துளை மிகின் அவ்விலை மேலிலையாகாது, விலை வீழும். அவ்வீழ்ச்சியைத் தாங்கியவர் யாவர் என்பதே நம் வினா.

கிழக்குச் சுமத்திராவின் டெலிப் பகுதிக்கு 1863-இல் வந்த டச்சுக்காரர் நீன்ஹய்சு ஆங்குப் புகையிலைப் பயிரைத் தொடங்கினார். மெல்லிய டெலி இலை மேலிலைக்கெனவே உலகப்புகழ் எய்திற்று. பயிரிட்ட சீனத் தொழிலாளர்க்கு இலையின் தரத்தை மதிப்பிட்டே ஊதியம் அளந்தனர். ஆதலின், புழு துளைத்த இலையின் இழப்பு உழைத்தவனையே சார்ந்தது. 1880-ஆம் ஆண்டுக் கூலிச் சட்டமோ, ஒப்பந்தம் மீறியோரைத் தண்டனைக்கு உள்ளாக்கிற்று. சாவகரும் தமிழரும் அந்நிலத்தில் உழைத்தோரே. 1902-இல் வழக்கறிஞர் வான் டென் பிராண்டு தம் சிறுநூலால் அக்கொடுமைகளை வெளிப்படுத்தினார்.

எனவே, மாசற்ற மேலிலையின் வரலாறு இக்கூலிக் கணக்கையும் உடன்கொண்டே எழுதப்பெறுதல் வேண்டும் என்பது நம் துணிபு.